ஐந்தாவது யோசனை

மடு மாதா துணை

பேசாலை
16.06.2025

அன்புத் தம்பி மில்ரனுக்கு,

அக்கா அன்ரோனெற் எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான். ஆனால் நேற்று மூன்று கோல் வாங்கினவன் எப்படிச் சுகமாக இருப்பான்?

உங்கள் புதிய பயிற்றுநர் முனவ்வர் சேர் எல்லாருடைய போனையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் நல்லதுதான். போனில் நான் எதைச் சொன்னாலும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாது. யாழ்ப்பாண பஸ் கண்டக்டர் சந்தியோகுவிடம் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

உங்கள் சோளகம் அணி போன வருடம் தொடங்கின நாளிலிருந்து நான் அதன் ரசிகை. நீ கோல் காப்பாளராக நிற்கிறாய் என்பதற்காக மட்டும் இல்லை. மன்னாரின் பெயரைச் சொல்லி, விளையாட்டையே தொழிலாகச் செய்ய ஓர் உதைபந்தாட்ட அணி வந்ததே என்ற சந்தோஷம். இந்த வருடம் மன்னார் மைதானத்தில் புல் பிடிக்கும் வரை நீங்கள் யாழ்ப்பாண முகாமில். நாலு ஆட்டம், நாலும் தோல்வி, வாங்கினது பதினொரு கோல். ஆட்டம் முடிந்த மறுநாள் கருவாட்டு வாடியில் பெண்கள் என்னிடம் உப்பு எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. செத்த வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஆகவே அணியைத் திருத்த நான் சில யோசனைகள் வைத்திருக்கிறேன். சிரிக்காமல் வாசி.

முதலாவது, சாப்பாடு. ஆட்டத்துக்கு முதல் நாள் மீன் கூடாது என்று முனவ்வர் சேர் சொன்னாராம். தீவில் பிறந்தவனுக்குக் கோழியும் பாணும் கொடுத்தால் அவன் எப்படி ஓடுவான்? இரண்டாவது, உங்கள் நீலச் சட்டை. அத்தானின் போனில் பார்க்கும்போது மற்ற அணியின் கறுப்புக்கும் உங்கள் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கே தெரியாவிட்டால் ஓடுகிற அவசரத்தில் கிறிஸ்ரிக்கு எப்படித் தெரியும்? அவன் இரண்டு முறை எதிராளிக்குப் பந்து கொடுத்தான். வலையில் கட்டுகிற மிதவையின் செம்மஞ்சள் நிறத்தைப் போடுங்கள். மூன்றாவது, பேசாலைப் பொடியன் பேசாலைப் பொடியனுக்கே பந்து கொடுக்கிறான், வங்காலைப் பொடியன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். சாப்பிடும்போது கலந்து இருக்க வையுங்கள். நாலாவது, எதிர்காற்றில் உயர அடிக்க வேண்டாம். அணிக்குச் சோளகம் என்று காற்றின் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் காற்றையே மறந்தால் என்ன செய்வது?

ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது. நீ கேட்டால் எழுதுவேன்.

பார்சலில் கட்டாக் கருவாடு வறுத்து வைத்திருக்கிறேன். சேருக்குத் தெரியாமல் சாப்பிடு.

உன் அக்கா,
அன்ரோனெற்


யாழ்ப்பாணம்
20.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரவுச் சாப்பாட்டு நேரம் சத்தமாக வாசித்தேன். செத்த வீட்டுக்காரி என்ற இடத்தில் கிறிஸ்ரிக்குப் புரைக்கேறிவிட்டது. தான் எதிராளிக்குப் பந்து கொடுத்தது ஒரு முறைதானாம், இரண்டாவது முறை காற்றாம். உங்கள் நாலாவது யோசனைக்கு அவனே சாட்சி.

கருவாட்டை ஒளிக்க முடியவில்லை. பார்சலைப் பிரித்தவுடன் முழு முகாமும் என் கட்டிலில் வந்து இருந்துவிட்டது. பேசாலை, வங்காலை என்று பார்க்காமல் எல்லாரும் ஒரே தாளில் கை வைத்தார்கள். மூன்றாவது யோசனையும் அப்படியே நிறைவேறியது. சேர் வாசலில் வந்து நின்று மணந்து பார்த்தார். "மில்ரன், இதென்ன?" என்று கேட்டார். "மருந்து சேர்" என்றேன். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்.

நறுவிலிக்குளத்துச் சிவரூபனை உங்களுக்குத் தெரியுமே, எனக்கு அடுத்த கோல் காப்பாளர். அவன் மட்டும் தனக்கு வந்த பங்கில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டான். நல்ல பொடியன். அவ்வளவு நல்லவனாக இருக்கத் தேவையில்லை.

ஒரு உதவி. அடுத்த முறை ஒரு பொட்டலம் மடு மாதா கோவில் மண் வைத்து அனுப்புங்கோ. கோல் கம்பத்தடியில் போடத்தான். வேறொன்றுக்கும் இல்லை.

அத்தானின் முதுகு நோ எப்படி?

உங்கள் தம்பி,
மில்ரன்


மடு மாதா துணை

பேசாலை
30.06.2025

அன்புத் தம்பிக்கு,

அத்தானின் முதுகு நோ ஆட்டம் நடக்கும்போது மாறிவிடுகிறது, முடிந்தவுடன் திரும்பி வருகிறது. நேற்றும் அப்படித்தான். இரண்டுக்குப் பூச்சியம்.

நீ ஐந்தாவது யோசனை என்னவென்று கேட்கவில்லை. சின்ன வயதில் கிறிஸ்மஸ் பரிசை ஒளித்து வைத்தால் வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவன் நீ. கேட்கவில்லை என்றால் உனக்கு அது தெரியும் என்றுதான் அர்த்தம்.

காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கோல் வாய் வரைந்து, நீ வாங்கின கோல்களுக்கெல்லாம் புள்ளி வைத்தேன். பதின்மூன்றில் பதினொன்று உன் இடக்கைப் பக்கம். அந்தப் பந்துகளுக்கு நீ பாயவே இல்லை தம்பி. பாய்ந்து தவறவிடுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். நீ வலைக்குள் பந்து விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினாய்.

உயிர்த்த ஞாயிறு அன்று இங்கே வந்திருந்தாயே. தேத்தண்ணீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, "கோப்பையை ஆர் நகர்த்தினது?" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்தேன். பிறகு மேசையைத் துடைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பை உன் இடப் பக்கத்தில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மாவட்டக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டத்தில் கடைசித் தண்டனை உதையை முகத்தால் மறித்தாயே, அந்த அடிதான். நீ கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் கிடந்தாய். நான் வேலியில் ஏறி நின்று கத்தினேன். மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு என்னைவிடப் பலமாகக் கைதட்டினவர்கள் அந்த மைதானத்தில் இல்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

மடு மண் அனுப்புகிறேன். அது கோல் கம்பத்துக்கு இல்லை, இமையில் பூசத்தான் என்று எனக்குத் தெரியும். பூசு, மாதா கோபிக்க மாட்டா. ஆனால் மாதா யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர்களையும் வைத்திருக்கிறா.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முனவ்வர் சேருக்கு ஒரு ரசிகை எழுதியது. நாலு யோசனைகளும் வடிவாக எழுதியிருக்கிறேன். ஐந்து என்று இலக்கம் போட்டு அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீ நிரப்பிக் கொடு.

உன் அக்கா,
அன்ரோனெற்


யாழ்ப்பாணம்
04.07.2025

அக்காவுக்கு,

மண் கிடைத்தது. நன்றி.

நீங்கள் வாடியில் மீன் காய வைக்கிறீர்கள். நான் வந்து உப்புக் கூட, உப்புக் குறைய என்று சொல்கிறேனா? பதினாறு வயதிலிருந்து நான் நிற்கிற இடம் அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில்தான். இப்போது முப்பத்தேழு. அப்பாவோடு கடலுக்குப் போன நாளெல்லாம் சத்தி எடுத்தேன். படிப்பும் ஏறவில்லை. ஊரில் என்னை "கீப்பர் மில்ரன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையுறையைக் கழற்றினால் நான் ஆர்?

சிவரூபன் கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரிந்தபடியால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. அவன் என் இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் தாளைக் கிழிக்கவில்லை. பையின் அடியில் கிடக்கிறது. இனி அணியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

மில்ரன்


மடு மாதா துணை

பேசாலை
15.07.2025

அன்புத் தம்பிக்கு,

அணியைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். சரி, கழுதையைப் பற்றி எழுதுகிறேன். முந்தநாள் நான் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, ரோட்டில் திரிகிற கழுதை ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு குசினி வரைக்கும் வந்துவிட்டது. அரிசி மூட்டையைத் தொடவில்லை. சுவரில் தொங்கின காலண்டரை இழுத்துத் தின்றுவிட்டது. நீ வாங்கின கோல் எல்லாம் இப்போது அதன் வயிற்றில். அத்தான் சொல்கிறார், "அந்தக் கழுதைதான் மில்ரனுக்கு உண்மையான ரசிகன்" என்று.

நீ கோபமாக எழுதினது எனக்குக் கவலை இல்லை. கோபம் வந்தால் உன் எழுத்து வடிவாக இருக்கிறது. ஆனால் கடிதம் முடிகிற இடத்தில் "உங்கள் தம்பி" என்று எழுத மறந்துவிட்டாய். அதுதான் நெஞ்சில் கிடக்கிறது.

நீ ஆர் என்று கேட்டாய். எனக்கு அப்போது பத்து வயது. அம்மா உன்னை என் மடியில் வைத்து, "விழுத்திப்போடாதை பிள்ளை" என்றா. அன்றைக்கு உன் கையில் கையுறை இருக்கவில்லை. அதுதான் நீ.

முனவ்வர் சேருக்கு நான் எழுத மாட்டேன். விலாசம் தெரியும், முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் எழுத மாட்டேன். உன் கண்ணைப் பற்றி உன் வாயால்தான் சொல்ல வேண்டும். அணி தோற்றால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, மூன்றாம் நாள் இறங்கிவிடும். உன் கண் போனால் அது இறங்கவே இறங்காது தம்பி. அதை யோசி.

சந்தியோகு இனி ஒவ்வொரு கிழமையும் உன் முகாம் வாசலில் ஹோர்ன் அடிப்பார். பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்சலையாவது வாங்கு.

உன் அக்கா,
அன்ரோனெற்


யாழ்ப்பாணம்
11.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு கிழமை பதில் போடவில்லை. பார்சல்களை மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கோ. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

உங்கள் கழுதைக் கடிதம் வந்து மூன்றாம் நாள் பயிற்சியில் கிறிஸ்ரி அடித்த ஒரு பந்து என் இடக் காதை உரசிக்கொண்டு போனது. நான் அதைக் காணவே இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். சிவரூபன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு கிட்ட வந்து, "அண்ணை, கிறிஸ்ரி அண்ணைக்குத் தெரியாது. நான் அவரிட்டைச் சொல்லட்டோ, உங்கட இடப் பக்கம் அடிக்க வேண்டாமெண்டு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"வந்த முதல் கிழமையே தெரியும் அண்ணை."

அக்கா, அவன் இரண்டு மாதமாக ஒரு பந்துகூட என் இடப் பக்கம் அடித்ததில்லை. என் இடத்துக்கு அலைகிறான் என்று நான் இங்கே நித்திரை இல்லாமல் புரண்டுகொண்டு கிடந்தேன். அவன் எனக்கு அடி பட்டுவிடக் கூடாது என்று எட்டி எட்டி வலப் பக்கமே அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஆர் என்று உங்களிடம் கேட்டேன் அல்லவா? அந்த நிமிடம் எனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை.

நேரே போய்ப் பையின் அடியில் கிடந்த தாளை எடுத்தேன். ஐந்துக்கு நேரே, "கோல் காப்பாளரை மாற்ற வேண்டும். அவருக்கு இடக்கண் தெரிவதில்லை. அவர் அதை ஒளித்துவிட்டார்" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேர் நாலு யோசனைகளையும் சிரித்துச் சிரித்து வாசித்தார். ஐந்தை வாசித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "வாகனத்தில ஏறும்" என்றார். அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணின் உள்திரை கிழிந்திருக்கிறதாம். இன்னோர் அடி பட்டிருந்தால் மிச்சம் தெரிகிறதும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். லேசர் கதிர் பிடித்து ஒட்டிவிட்டார்கள். போன பார்வை வராதாம், இருக்கிறதைக் காப்பாற்றலாமாம். இதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன், வரி வளைந்திருந்தால் திட்ட வேண்டாம். இந்தத் தொடர் முடியும் வரைக்கும் கோல் காப்பாளர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சேர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னவென்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று சிவரூபன் நின்றான். என் கையுறைதான் போட்டிருந்தான். ஒன்றுக்கு ஒன்று சமன், இந்த வருடத்தின் முதல் புள்ளி. ஐந்து பந்தைப் பிடித்தான், அதில் இரண்டு அவனுடைய இடப் பக்கம், மேலே. அந்த இரண்டுக்கும் நான் எழும்பி நின்று கத்தினேன். இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நீங்கள் அன்றைக்குக் கைதட்டினதற்கு வெட்கப்பட வேண்டாம் அக்கா. வென்றால் கைதட்டத்தான் வேண்டும்.

செம்மஞ்சள் சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. மீனுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, பொரித்தது மட்டும் கூடாதாம்.

மன்னார் மைதானத்தில் புல் பிடித்துவிட்டதாம். இந்த வருடம் அங்கே எங்கள் முதல் ஆட்டம் இருபத்துநாலாம் திகதி. கோல் வாய்க்குப் பின்னால் உங்கள் வழக்கமான இடத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கோ. சிவரூபனுக்குப் பின்னால் இருந்து நான் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சேரின் கட்டளை.

உங்கள் கதிரையை எனக்கு இடப் பக்கத்தில் போடுங்கோ. அந்தப் பக்கத்தால் வாற பந்தை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என்றும் உங்கள் தம்பி,
மில்ரன்