அருவி மேட்டில் எடுத்த படங்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி தேவலையா? எங்க ஆபீஸ்ல வரைபடம் வரையுறாளே, அவளைப் பத்திச் சொல்லியிருக்கேன்ல? கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்கப் போறேன். போன்ல சொல்லலாம்னா பக்கத்து மேஜையிலயே உட்கார்ந்திருக்கா, அதான் கடிதம். ஞாயிறு சாயங்காலம் அருவி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு நீ படம் எடுக்கணும். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கிற, தம்பிக்கு எடுக்க மாட்டியா?

உன் செல்லத் தம்பி

மார்ச் 5

அடேய் வாலு,

படிச்சிட்டு ஸ்டுடியோவுல சத்தமா சிரிச்சிட்டேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர் தன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன்னு முறைச்சார். சரி, கேட்டுக்கோ. அஞ்சரைக்குள்ள வந்துடு, அப்புறம் வெளிச்சம் போயிடும். கட்டம் போட்ட சட்டை வேண்டாம். கம்பி வேலி ஓரமா அவளை நிக்க வை. அவளுக்கு இடது பக்கமா முட்டி போடு, இல்லைன்னா உன் மண்டை மோதிரத்தை மறைச்சிடும்.

ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதே. அவளுக்கும் விருப்பம்தானே? கடிதம் முழுக்க அவ சொன்னதா ஒரு வார்த்தைகூட இல்லையே.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

நாலு நாளா போனை எடுக்க மாட்டேங்கிற. அவளும் ஆபீஸுக்கு வரலை. வெட்கத்துல ஏதோ கத்திட்டா, அவ்வளவுதான். நீ நடுவுல ஓடி வந்து காரியத்தையே கெடுத்துட்ட. போகட்டும். மோதிரம் விரல்ல இருக்கிற படம் ஒண்ணு இருக்குமே, அதை மட்டும் அனுப்பு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மத்ததை அழிச்சிடு.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

எதையும் அழிக்கலை. ஒவ்வொண்ணா பெரிசாக்கிப் பார்த்தேன். அவ தலையை ஆட்டி வேண்டாம்ங்கிறா. நீ எழுந்திருக்கிற. அவ பின்னாடி நகர்ந்துக்கிட்டே போறா, கம்பி முதுகுல இடிக்குது. அதுக்கு அந்தப் பக்கம் பள்ளம். நீ அவ கையை முறுக்கி விரல்ல மோதிரத்தைத் திணிக்கிற. அந்தப் படத்துல இருக்கிற உன் முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவ ஸ்டுடியோவுக்கு வந்தா. விரல்ல கட்டு, எலும்பு முறிஞ்சிருக்காம். முன்னாடியே ரெண்டு தடவை உன்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்காளாம். படங்களைக் கேட்டா. எல்லாத்தையும் கொடுத்துட்டேன். போலீஸ்ல புகார் கொடுத்திருக்கா. நாளைக்குச் சாட்சி சொல்ல நானும் போறேன். இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளைக்கு இப்படி எழுத கை வரலை. ஆனாலும் எழுதிட்டேன்.

அக்கா

மார்ச் 20

சொந்தத் தம்பியையே காட்டிக் கொடுத்துட்ட, நல்லா இரு. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அவ்வளவு கொடுமை நடந்துச்சுன்னா அப்பவே ஏன் தடுக்கலை? கடைசியில ஓடி வர்ற வரைக்கும் கேமராவைப் பிடிச்சிட்டு வேடிக்கைதானே பார்த்த? பதில் போட வேண்டாம்.

மார்ச் 24

தம்பிக்கு,

வேண்டாம்னு சொன்னாலும் எழுதுறேன். நீ கேட்டது நியாயம்தான். அவ தலையாட்டினதுல இருந்து அலறினது வரைக்கும் பதினோரு படம் இருக்கு. இப்ப சரியாயிடும், இப்ப அவ சிரிச்சிடுவான்னு நினைச்சு பட்டனை அமுக்கிட்டே இருந்தேன். அலறின பிறகுதான் ஓடி வந்தேன். இதையும் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன். அவகிட்டயும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு முழுசாக் கேட்டா.

விசாரணை அன்னைக்கு அவ பக்கத்துலதான் உட்காருவேன். என்னைப் பார்த்ததும் அக்கான்னு கூப்பிட்டுடாதே. எழுந்து உன்கிட்ட வந்துடுவேனோன்னு பயமா இருக்கு.

அக்கா