ராணி கலைத்த கட்டைகள்

புதன், இரவு.

பள்ளி உளவியல் பயிற்சிக்காகக் கல்வராயன்மலைப் பள்ளிக்குப் போனேன். அறிவுத்திறன் சோதனையில் நான்காம் வகுப்பு ராணியிடம், படத்தில் உள்ளபடி கட்டைகளை அடுக்கச் சொன்னேன். குனிந்து எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தால், கட்டைகள் பெட்டிக்குள் கிடந்தன. செய்யவில்லை என்று சுழியம் போட்டேன்.

"ஏன் அடுக்கல?"

"அடுக்கிட்டுதான் கலைச்சேன் மிஸ். அடுத்து கோமதி வருவா. பாத்துக்கினு அப்படியே செஞ்சிடுவா. அவளும் யோசிக்கணுமில்ல?"

அடுத்த பிள்ளை பார்க்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அசந்துபோனேன்.

அதே படத்தை மறுபடியும் கொடுக்க விதியில்லை. சுழியம் நின்றால் ராணி 'மெல்லக் கற்பவர்' பட்டியலுக்குப் போவாள். இப்போதுதான் அந்தச் சுழியத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: பிள்ளை செய்தாள், நான் பார்க்கவில்லை.