எவான் எழுந்து பேசினான்

அன்புள்ள வாசிலிக்கு,

தோளில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உங்களுக்கு இறங்காது என்பதால், புகைபோட்ட சால்மன் மீன் கொஞ்சம் விமானத்தில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலுக்கும் கொடுங்கள்.

ஒரு விஷயம். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்கவும் கூடாது.

சுரங்கக் கம்பெனிக்காரர்கள் நம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆறு பிறக்கும் இடத்தில் செம்பும் தங்கமும் தோண்டப் போகிறார்களாம். நச்சுக் கழிவை மண் அணைக்குப் பின்னால் காலத்துக்கும் தேக்கி வைப்பார்களாம். பூமி குலுங்கி அணை உடைந்தால் மீன் என்னாகும் என்று கேட்டோம். அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பிறகு உங்கள் ஊர்க்காரரே பேசுவார் என்றார்கள்.

எழுந்தது உங்கள் தம்பி எவான். கம்பெனி ஜாக்கெட் போட்டிருந்தான். போன கோடையில் உங்களோடு ஒரே வலை இழுத்தவன், சுரங்கம் வரட்டும் என்றான்.

என்னைப் பார்த்துதான் கடைசியாகச் சொன்னான்: "மீன் இருக்கு அண்ணி. ஊர்ல ஆள் எங்க இருக்கு? வேலையில்லாம எம் பொண்டாட்டி புள்ளைங்களே டவுனுக்குப் போயிட்டாங்க."

நான், "அவங்க திரும்பி வர்றப்ப ஆறு செத்துக் கிடந்தா எதைக் காட்டுவே?" என்று மட்டும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கை தூக்கச் சொன்னபோது ஊர் மொத்தமும் சுரங்கம் வேண்டாம் என்று தூக்கியது. அவன் ஒருவன் தூக்கவில்லை. அரசாங்கம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தான். ஜாக்கெட் இல்லை. தன்னிடம் இருந்த உங்கள் படகுச் சாவியை மேஜையில் வைத்து, "அண்ணன் இனிமே என்னை ஏத்த மாட்டாரு" என்றான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காபி கூடக் கொடுக்கவில்லை. ஆனால் வாசல் தாண்டுவதற்குள் சாவியை அவன் பையிலேயே திணித்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் என்னைத் திட்டுங்கள்.

ஜூனில் மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறும்போது உங்கள் தோள் வலை இழுக்காது என்று டாக்டர் சொல்கிறார். அவனை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். படகில் உட்கார வைத்து ஏசுங்கள்.

கடவுள் உங்களைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பட்டும்.

உங்கள்
ஒகலேனா