வாலில் இருந்த மூன்று புள்ளிகள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால்தான் படுத்துகிறது, மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு திட்டு எனக்கு, இந்த வீட்டை நானா கட்டினேன் என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒன்று. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. போனில் பேசினால் பக்கத்தில் அம்மா இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உன்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், எண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்தால் என்ன வைக்காவிட்டால் என்ன என்று கேட்கிறாள் என்றேனே. நீ கணக்கு டீச்சர் ஆயிற்றே, உற்சாகமாகச் சொன்னாய். 0.10110111 என்று எழுதி அங்கேயே நிறுத்தினால் அதைப் பின்னமாக எழுதிவிடலாம், அது விகிதமுறு எண். அதன் வாலில் மூன்று புள்ளி வைத்தால், ஒன்றுகள் கூடிக்கொண்டே போய், ஒரே கட்டு திரும்பத் திரும்ப வராமல், முடிவும் இல்லாமல் போகிறது என்று அர்த்தம், எந்தப் பின்னத்திலும் அடங்காது, அது விகிதமுறா எண். புள்ளிதாம்ப்பா இதுல உயிரே என்று சிரித்தாய். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெண்ணே இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் அச்சகத்தில் பள்ளிக்கூடங்களுக்குத் தேர்வுத்தாள் அச்சடிப்பது உனக்குத் தெரியும். ஒன்பதாவது கணக்குத்தாள் புரூஃப், அச்சுக்கு முன்னால் பிழை திருத்த, என் மேஜைக்கு வந்தது. விகிதமுறு எண் எது, விகிதமுறா எண் எது என்று பிரிக்கச் சொல்லி ஐந்து எண்கள், ஐந்தின் வாலிலும் மூன்று புள்ளி. கதை எழுதுகிறவர்கள் வரிக்கு வரி இறைக்கிற புள்ளிகளை முப்பது வருஷமாக அடித்து நீக்கிக் கை பழகிவிட்டது, புள்ளி பொறுக்கி என்றுதான் அச்சகத்தில் எனக்குப் பெயர். சிவப்பு மையில் ஐந்து எண்களின் புள்ளிகளையும் அடித்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாததா என்ற திமிர். அச்சகத்தில் டைப் செய்கிற ஒரு அம்மா, நான் அடித்தபடியே அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டார். அவர் கணவர் படுத்த படுக்கை, இந்த அம்மாவின் சம்பாத்தியத்தில்தான் அந்தக் குடும்பமே.

தாள் நாற்பது பள்ளிகளுக்குப் போனது. விடைக்குறிப்போ புள்ளி இருந்த தாளுக்கு எழுதியது. எண்தான் முடிந்துவிட்டதே என்று யோசித்து விகிதமுறு எண் என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை, யோசிக்காமல் மனப்பாடத்தில் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். பெற்றவர்கள் பள்ளிகளிடம் சண்டைக்குப் போக, பள்ளிகள் எங்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டன. அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன். மறுநாள் முதலாளி என்னையும் அந்த அம்மாவையும் அறைக்குக் கூப்பிட்டார். அச்சானதும் புரூஃபைக் கிழித்துப் போடுவது வழக்கம், அதனால் ஆதாரம் ஒன்றும் இல்லை. நீங்க பாத்தப்போ புள்ளி இருந்துச்சா என்று என்னைக் கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள், உன் அம்மாவின் மாத்திரைக்கு என்ன வழி என்ற பயம்தான். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு, பள்ளிக்கூடமும் சமாதானமாயிடுச்சு, ஆறிப்போனதைக் கிளறாம போய் வேலையைப் பாருங்க என்றார். பிள்ளைகளின் மதிப்பெண்ணை யாராவது திருத்தினார்களா என்று கேட்டேன், அவர் போனை எடுத்து வேறு யாரையோ கூப்பிட்டார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் கணவர், கட்டிலுக்கடியில் மருந்துப் பெட்டிகள். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலையாம், கால் வீங்கியிருந்தது. தப்பு என்னுடையது என்றேன். தெரியும் சார், நீங்க அடிச்சதை நான்தானே எடுத்தேன் என்றார். அப்புறம் ஏம்மா அன்னைக்கே சொல்லல என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. நீங்களே சொல்லுவீங்கன்னு உங்க முகத்தையே பாத்துட்டு நின்னேன் சார் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலையை விட்டது உன் அம்மாவுக்குத் தெரியாது, நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன், பிள்ளைகள் தப்பாக எழுதியிருந்தால் கேள்வித்தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் சிவப்பு மையை எடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், பேரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். தாத்தா மாதிரி நேர்மையாக இருக்க வேண்டும் என்று நீ அவனிடம் அடிக்கடி சொல்வாயாம், போன வாரம் அவனே போனில் சொன்னான். கொஞ்ச காலத்துக்கு அதைச் சொல்லாதேம்மா.

உன் அப்பா