படத்தில் இல்லாத ஏழு வீடுகள்

பழைய ஹார்ட் டிஸ்க்குகள் இருந்த பையைக் காலையில் பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். உள்ளேயிருந்து உன் வாசனை அடித்தது. உப்பும் மீனும் ஈரமணலும் கலந்த வாசனை. லென்ஸில் தெறிக்கும் கடல் தண்ணீரைத் துடைக்க, உன் பழைய புடவையிலிருந்து நீ கிழித்துக் கொடுத்த மஞ்சள் துண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. "உன் துணி தண்ணியக் குடிக்காதுமே, இத்த வச்சிக்க" என்று அன்று என் கையில் திணித்தாய். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. உன் மகள் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நாளை உனக்குப் பதினாறாம் நாள் காரியம். மாலை போடப் படம் வேண்டும், படம் இல்லை. உன் கல்யாணப் படம் வெள்ளத்தோடு போயிற்று. பிறகு எடுத்த வாக்காளர் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "போலீஸ் ஸ்டேசன்ல ஒட்டி வச்சாப்புல கீது ஆண்ட்டி" என்றாள் ஃபோனில். அவள் செல்லில் நீ இருக்கிறாய்தான், ஆனால் எல்லாம் ஃபில்டர் போட்டு எடுத்தது. "ஒண்ணுலகூட அம்மா கலர்ல அம்மா இல்ல. மாவு பூசி வச்சாப்புல கீது" என்று அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பத்து வருசமா நீங்கதான அம்மாகூட நின்னு போட்டோ எடுத்தீங்க. கடலாண்ட நிக்கிறாப்புல நல்லதா ஒண்ணு குடுங்க" என்றாள். அதற்கென்ன, வந்து வாங்கிக்கொள் என்று சொல்லி வைத்தேன். ஃபோனை வைத்த பிறகுதான் உன்னை எப்போதாவது எடுத்திருக்கிறேனா என்று யோசித்தேன்.

நாலு டிஸ்க்குகள். ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு ஃபோல்டர். பட்டினப்பாக்கத்தின் தெற்குக் கோடி, அடையாறு கடலில் விழும் முகத்துவாரம், தள்ளி அந்த உடைந்த பாலம். மார்கழிப் பனியில், ஐப்பசி மழையில், சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால். அலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, மணல் இருக்கிறது. ஆள் இல்லை. என் பிழைப்பே அதுதானே, இயற்கைக் காட்சி எடுக்கிறவள். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நொடிக்காக ஒரு மணி நேரம் கால் கடுக்க நிற்பேன். பன்னிரண்டு மணி வரை தேடியதில் ஒரு படத்தின் ஓரத்தில் உன் மீன் அன்னக்கூடையின் விளிம்பு கிடைத்தது. இன்னொன்றில் ஒரு முழங்கை. உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாளே நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "இன்னாமே, தெனம் வந்து குத்துக்கல்லு மாரி நிக்கிற, ஒண்ணியும் எடுக்க மாட்டேன்ற?" என்றாய். ஆட்கள் நகரட்டும் என்று பார்க்கிறேன் என்றேன். "நாங்க எங்கமே நகர்றது? இங்கதான கீறோம்" என்று சிரித்தாய். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. நீ உன் புருஷனின் படகு வரும் என்று கூடையோடு காத்திருந்தாய். நான் நீ எப்போது எழுந்து போவாய் என்று காத்திருந்தேன். அப்படித்தான் நம் சிநேகம் ஆரம்பித்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதுவரை நான் எடுத்ததெல்லாம் வாழ்த்து அட்டைச் சூரியோதயங்கள். கேமரா திரையில் காட்டினால் உதட்டைப் பிதுக்குவாய். "இது எங்க கடலா? ஊரக் காலி பண்ணாப்புல கீதே." எனக்குக் கோபம் வரும். ஆனால் தண்ணீரைப் பார்க்க நான் கற்றது உன் பக்கத்தில் நின்றுதான். ஆற்றுத் தண்ணீர் எந்த நாளில் கறுக்கும், எந்தக் காற்றுக்கு அலை மடியும், மணல் திட்டு எந்தப் பக்கம் வளர்கிறது என்பதெல்லாம் மீன் வியாபாரத்துக்கு நடுவே, போகிற போக்கில் நீ சொன்னதுதான். என்னை ஊரறியச் செய்த படமும் நீ கொடுத்ததுதான். மழை விட்ட ஒரு விடியலில் ஃபோன் பண்ணினாய். "சீக்கிரம் வாமே. ஆத்து வாயி தொறந்துகினு கீது." அடைத்துக் கிடந்த மணல் திட்டை உடைத்துக்கொண்டு ஆறு கடலுக்குள் பாய்ந்தது. இந்தப் பக்கம் செம்மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை, நடுவில் வெள்ளையாய் நுரை. முழங்கால் தண்ணீரில் நான் நிற்க, அலை வரும்போதெல்லாம் நீ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாய்.

அந்தப் படத்தின் இடது பக்கம், ஆறு உடைக்காத திட்டின் மேல், ஏழு வீடுகள் இருந்தன. நீலத் தார்ப்பாய்க் கூரைகள். கடைசி வீடு உன்னுடையது. எனக்கு அந்த நீலம் உறுத்தியது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பக்கத்து மணலை எடுத்து அந்த ஏழு வீடுகளின் மேல் பூசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஏழு வீடுகளை மணலில் மறைத்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று விதி இருந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பினேன். முதல் பரிசு. மறு வருடமே ஒரு கம்பெனி காலண்டரில் வந்தது. வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள், நடுவராக உட்காரக் கூப்பிட்டார்கள்.

டீக்கடையில் அந்தக் காலண்டர் தொங்கியது. நீ அதன் எதிரே போய் நின்று, மணல் திட்டின் மேல் விரலை வைத்தாய். "என் ஊடு எங்கமே?" அழகுக்காக எடுத்துவிட்டேன் என்றேன், ஏதோ சாமர்த்தியம் செய்தவள் மாதிரி. நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகுன்னா நாங்க இல்லாம கீறதா? சரி உடு, நல்லாத்தான் கீது" என்றாய். டீயைக் குடித்து முடித்தாய். வெளியே வந்ததும், "என்னிய ஒண்ணு எடேன்" என்றாய். வெளிச்சம் சரியில்லை, நாளைக்கு எடுக்கிறேன் என்றேன். அந்த "நாளைக்கு" வரவே இல்லை. நீ மறுபடி கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு பெருவெள்ளம் வந்தது. கூரையோடு ரேஷன் கார்டும் மற்ற காகிதங்களும் போயின. கரையிலிருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுக்கப் பட்டியல் எடுத்தார்கள். வெள்ளத்துக்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும்தான் வீடு. உங்கள் ஏழு குடும்பங்களைத் தள்ளிவிட்டார்கள். ஒரு பிற்பகல் நீ மயிலாப்பூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். உள்ளே வா என்றால் வரவில்லை. "உன் காலண்டர வெட்டி ஃபைல்ல ஒட்டி வச்சிக்கீறாங்கமே. பாரு, இந்த எடம் காலியாத்தான கீதுன்றாரு ஆபீஸரு. உன் படம்தான் எங்கள இல்லன்னுது" என்றாய். அழிக்காத படம் இருக்கிறதா என்று கேட்டாய். மறுநாள் காலை பத்தரைக்கு வீடு ஒதுக்கும் ஆபீஸில் கடைசி விசாரணை.

இருந்தது. இதே பையில், இதே டிஸ்க்கில் இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் பரிசும் பேரும் என்ன ஆகும் என்று மனசு அந்த நொடியிலேயே கணக்குப் போட்டுவிட்டது. "அந்த டிஸ்க் கெட்டுப்போச்சு. தேடிப் பார்க்கறேன்" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாய். உள்ளேயிருந்து என் கணவர், "நீ போய்ச் சொல்லிண்டு நின்னா உன் பேரு என்ன ஆறது? அவாளுக்கு வேற சாட்சி கிடைக்கும், பேசாம இரு" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே நான் பொய் சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாள் கடலுக்குப் போகவில்லை. காபி ஆறியது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. பத்தேகாலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். லஸ் முனையில் ஆட்டோ நின்றுவிட்டது. "ரோடு மொத்தம் தோண்டிப் போட்டுக்கீறாங்க மேடம், நான் இன்னா பண்றது?" என்றார் ஓட்டுநர். இறங்கி நடந்தேன், வேறு ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. கதவு மூடியிருந்தது. உள்ளே உன் குரல் கேட்டது.

"நான் இல்லன்னு ஒரு காயிதம் சொல்லுது. நான் கீறேன்னு நானே வந்து நிக்கிறேன். எத்த நம்புவ சார்?"

கதவைத் தள்ளிக்கொண்டு போய் லேப்டாப்பை மேசையில் வைத்தேன். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பிப் போயிற்று. ஏழு நீலக் கூரைகளும் திரையில் வந்தன. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலண்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது பொய்ப் படமா?" என்றார். ஆமாம், வீடுகளை அழித்தது நான்தான் என்றேன். "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். பின்னாலிருந்த ஆறு குடும்பங்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. நீ மட்டும் என்னையே பார்த்தாய்.

வராந்தாவில்தான் வாயைத் திறந்தாய். "டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னியே?"

நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரி முச்சூடும் என்னிய கொன்னுட்டமே" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

பரிசைத் திருப்பி அனுப்பினேன். வகுப்புகள் நின்றன. சிலர் திட்டினார்கள், சிலர் கண்டும் காணாமல் போனார்கள். அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான், வலிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். உங்களுக்கு வீடு கிடைத்தது. ஊருக்கு வெளியே, மூன்றாவது மாடியில், கடல் காற்று எட்டாத இடத்தில். நாலு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் விடியலில் முதல் பஸ் பிடித்துக் கூடையோடு வந்து, என் கேமரா முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி, "நவுருமே, காத்த மறைக்கிற" என்றாய். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. அதன் பிறகு என் படங்களில் படகு வந்தது, வலை வந்தது, வலை இழுப்பவர்களின் முதுகு வந்தது. என் படங்கள் மாறிவிட்டன என்று பலரும் சொன்னார்கள். ஆனால் உன் பக்கம் கேமராவைத் திருப்ப மட்டும் எனக்குக் கூச்சமாக இருந்தது. எந்த முகத்தோடு உன் முகத்தை எடுப்பது? எடுத்திருக்கலாம். இப்போது தெரிகிறது, எடுத்திருக்க வேண்டும்.

சரியாக நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. தி.நகர் துணிக்கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு, சீருடைப் புடவையோடு உன் மகள் வந்திருந்தாள். உன் நெற்றி, உன் நடை. தண்ணீர் கூடக் குடிக்காமல், "எடுத்து வச்சிட்டீங்களா ஆண்ட்டி?" என்றாள். சொன்னால் நம்பு, "டிஸ்க் கெட்டுப்போச்சு" என்ற அதே வார்த்தைதான் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் நம்பியிருப்பாள். அழுதுவிட்டு, வாக்காளர் அட்டையோடு திரும்பிப் போயிருப்பாள்.

"இல்லைம்மா. உங்க அம்மாவை நான் ஒரு படம்கூட எடுக்கலை" என்றேன்.

"எப்டி ஆண்ட்டி இல்லாம போவும்? தெனம் உங்ககூடதான நின்னுகினு இருந்துச்சு?"

அம்மா எழுந்து போகும்வரை காத்திருந்துதான் எடுப்பேன் என்று சொன்னேன். ஏழு வீடுகளையும் சொன்னேன், டிஸ்க் பொய்யையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தானே ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். அலை, மேகம், மணல். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிளிக் சத்தம் நின்றது.

அந்தப் படம். நான் அழிக்காத படம். கடைசிக் கூரை திரை முழுவதும் வரும்வரை பெரிதாக்கிக்கொண்டே போனாள். தகரக் கதவு, வாசலில் ஒரு குடம். எத்தனையோ தடவை பார்த்த படம்தான், நான் அந்த வீட்டை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"கதவு தொறந்து கீது பாருங்க" என்றாள். "அம்மா வெளிய போனா கவுறு கட்டிட்டுத்தான் போவும். தொறந்து கீதுன்னா, உள்ள கீது."

அது சரியல்ல என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாய். ஆற்று வாய் திறந்த அவசரத்தில் கதவைக் கட்டாமல் ஓடி வந்திருப்பாய். சொல்ல வாயெடுத்தேன். அவள் திரையில் அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தையே போட்டுக் குடுங்க ஆண்ட்டி."

இருவரும் சேர்ந்தே பிரிண்ட் போட்டு வாங்கி, லஸ்ஸில் ஃபிரேம் கடைக்குப் போனோம். கடைக்காரர் அளவு குறித்துக்கொண்டு, எதற்கு என்று கேட்டார். காரியத்துக்கு என்றாள் உன் மகள். அவர் உன் பெயரையும் தோற்றம், மறைவு தேதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"ஏதோ மாத்திக் குடுத்துட்டீங்க மேடம். இது வெறும் சீனரி. ஆள் எங்க?"

உன் மகள் என்னைப் பார்த்தாள். எத்தனை வருடம் உன்னை விலக்கிவிட்டுப் படம் எடுத்திருக்கிறேன். நான் அவருடைய பேனாவை வாங்கி, படத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த என் பெயரை அடித்துவிட்டு, கடைசி வீட்டைக் காட்டினேன்.

"வீட்டுக்குள்ள இருக்கா" என்றேன்.