விழுந்தவள் அப்புறம் என்ன ஆனாள்?

மார்ச் 7, சனி

"விழுந்தவங்க அப்புறம் என்ன ஆனாங்க சார்?" நூலகத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். மூன்று முறை கேட்டாளாம். பக்கத்திலிருந்தவர் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

'முதல் தடையிலேயே விழுந்தாள்' என்ற ஆங்கிலத் தொடரை விளக்கிக்கொண்டிருந்தேன். தொடங்கிய வேகத்திலேயே சறுக்கினால் அப்படிச் சொல்வார்கள். பத்து வருடம் நடந்த கடையை மூடினால் பொருந்தாது. உரிமம் கிடைக்காமல் திறக்கவே முடியாமல் போனால் பொருந்தும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நாளிலிருந்தே என் உதாரணம் ஒன்றுதான்: பேச்சுப் போட்டியில் "அனைவருக்கும் வணக்கம்" என்றதோடு மேடையிலிருந்து இறங்கி ஓடிய மாணவி.

அப்புறம் என்ன ஆனாள்? "தெரியலையேம்மா" என்றேன்.

மார்ச் 10

காதுக் கருவி வாங்கியாயிற்று. "கேள்வியே காதுல விழாத வாத்தியாருக்கு வகுப்பு எதுக்குன்னு நூலகர் கேக்கறதுக்குள்ள மாட்டிக்கங்க" என்றாள் மனைவி.

மார்ச் 11

ஐயோ! கரண்டி விழுந்தால் இடி. செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கூரை. கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டேன். வகுப்பையும் விட்டுவிட வேண்டியதுதான்.

மார்ச் 13

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அன்று கடையில் அதைப் பொருத்திவிட்ட பெண் சிரித்தாள்.

"ஒரே நாள்தானா? முதல் தடையிலேயே விழுந்துட்டீங்களே சார்!"

வகுப்பில் அந்தத் தொடரை நான் இழுத்துச் சொல்லும் அதே இழுவை. அப்படியே.

"நீ என்கிட்ட படிச்சவளாம்மா?"

கருவியை மறுபடி என் காதில் மாட்டி, ஒலியைக் குறைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "படிச்சேன் சார். உங்க உதாரணமும் நான்தான்."

பள்ளி முடியும்வரை அவள் பேர் 'தடை'யாம். நாலு வருடம் கழித்து அவள் தங்கை வந்து உட்கார்ந்த வகுப்பிலும் அதே உதாரணம்.

"பின்வரிசை சிரிச்சது உங்களுக்குக் கேக்கலையா சார்?"

அப்போது என் காது நன்றாகத்தான் இருந்தது.

பேரைச் சொன்னேனா நான்? சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? — சீ!

மன்னிப்புக் கேட்டேன். "தினம் ஒரு மணி நேரம் போடுங்க, பழகிடும்" என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வந்தவள், "அடுத்த வருஷமே அதே போட்டியில முழுசாப் பேசிட்டேன் சார். நீங்கதான் கேக்கவே இல்ல" என்றாள்.

மார்ச் 28, சனி

வகுப்பில் புது உதாரணம்: "ஒரு வாத்தியார் காதுக் கருவி வாங்கினார். முதல் நாளே இழுப்பறையில் போட்டார். முதல் தடையிலேயே விழுந்தார்." யாரது என்றார்கள். காதைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தார்கள், கடைசி வரிசைவரை.

"அப்புறம் அவர் என்ன ஆனார் சார்?" அதே பெண். ஒரே முறைதான் கேட்டாள்.

சொன்னேன். பிறகு பலகையில் எழுதினேன்: இத்தொடரை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள், விழுபவர் நீங்களாக இருக்கட்டும்.