கண் கிளினிக் வாசல்

தங்கச்சிக்கு,

அம்மன் புண்ணியத்தில் நலம். கோபம் உன் மேல்தான்.

இன்று செமிலிங் கோயிலில் வழக்கம்போல் மாலை கட்ட உட்கார்ந்தேன். ருக்குமணி அக்கா என் கையிலிருந்த பூவையும் நூலையும் வாங்கிக்கொண்டார். "ஒனக்குக் கண்ணு சரியா தெரியலயாமே, ஒன் தங்கச்சி சொல்லுச்சு. சும்மா ஒக்காரு லா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பூக்கணக்கையும் இனி அவரே எழுதுவாராம்.

என் கண்ணுக்கு என்னடி கேடு? மாதாமாதம் உன் காடியில் ஏற்றி அலோர் ஸ்டாருக்குக் கூட்டிப்போய், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கண் கிளினிக் வாசலில் என்னை இறக்கிவிடுகிறாய். அங்கிருந்து மனநல கிளினிக்குக்கு நான் தனியாக நடக்கிறேன். நீ காடியை விட்டு இறங்குவதே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு குளிக்கக்கூட எழும்பாமல் கிடந்தேன். அங்கே கொடுத்த மாத்திரையும் அந்தக் கவுன்சிலர் பெண்ணின் பேச்சும்தான் என்னை எழுப்பின. "புடிச்ச வேல ஒன்ன விடாம செய்ங்கம்மா" என்று அவள் சொல்லித்தான் மறுபடி பூவைத் தொட்டேன். உன் பொய் அதையும் பிடுங்கிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை, நான் எந்த கிளினிக்குக்குப் போகிறேன் என்று ருக்குமணி அக்காவிடம் நானே சொல்லப்போகிறேன். பொய்யை மறைத்துக் கட்டும் மாலையை அம்மனுக்குப் போட எனக்கு மனம் வராது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் நறுக்கிக் கொடு. வெட்கமாக இருந்தால் வெளியே காடியிலேயே இரு. உனக்குத்தான் பழக்கமாயிற்றே.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரியும் உன் அக்கா